டேனியல் ஆகர் நிஜமாகவே அவ்வளவு பெரிய டிஃபென்டரா? 31 வயதில் ஏன் விட்டார்?

சிவப்புச்சட்டை கேட்டது:

வணக்கம் மக்களே. நான் லிவர்பூல் கால்பந்து அணியைப் பார்க்க ஆரம்பித்ததே பயிற்சியாளராக கிளாப் வந்த பிறகுதான். அதனால் சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபென்டர்) என்றால் எனக்கு வான் டைக்தான். ஆனால் இங்கே பழைய ஆட்கள் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அந்த டென்மார்க்காரர், உடம்பு முழுக்கப் பச்சை குத்தியவர், டேனியல் ஆகரில் வந்து நிற்கிறார்கள். "அவருக்கு மட்டும் உடம்பு ஒத்துழைத்திருந்தால்..." என்று ஒரு பெருமூச்சு வேறு.

சரி என்று யூடியூபில் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். வெஸ்ட் ஹாமுக்கு எதிரான அந்தக் கோல் அபாரம்தான், ஆனால் ஒரு டிஃபென்டரை அவர் போட்ட கோலை வைத்தா எடை போடுவது? கணக்கு என்னவோ இப்படி இருக்கிறது: 2006 ஜனவரியில் வந்து 2014 ஆகஸ்டில் போனவர், எட்டரை வருஷத்தில் 232 ஆட்டம், 14 கோல். வருஷத்துக்குச் சராசரி 27 ஆட்டம்தான் வருகிறது. களத்தில் இறங்கி ஜெயித்த பெரிய கோப்பை என்றால் 2012 லீக் கப் ஒன்று. 31 வயதில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டார்.

இது வெறும் பழைய பாசமா, இல்லை விஷயம் இருக்கிறதா? அவ்வளவு சீக்கிரம் ஏன் விட்டார் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாத்திரை, அது இது என்று அரைகுறையாகப் படித்தேன், முழுசாகப் புரியவில்லை.

கோப்_மேல்படி பதில்:

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அந்த 232-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் ஆள் பிடிபட மாட்டார்.

அப்போதைய பயிற்சியாளர் பெனிடெஸ் அவரை டென்மார்க்கின் பிரோண்ட்பி கழகத்திலிருந்து கூட்டி வந்தபோது வயது 21. விலை கிட்டத்தட்ட 60 லட்சம் பவுண்டு. டேனிஷ் லீகில் ஒரே ஒரு முழு சீசன் ஆடிய பையனுக்கு அன்றைக்கு அது பெரிய தொகை. அப்போது நம்மிடம் காரகரும் ஹூப்பியாவும் இருந்தார்கள். தடுப்பதில் இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பந்து காலுக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தள்ளுவார்கள், இல்லையென்றால் மேலே தூக்கி அடிப்பார்கள். ஆகர் வந்ததும் என்ன மாறியது என்றால், பந்து கிடைத்தவுடன் அவர் முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவார். எதிரணி மிட்ஃபீல்டில் நம் ஜெரார்டுக்கு ஒருவன், அலோன்சோவுக்கு ஒருவன் என்று ஆள் போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள், அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருத்தன் பந்தோடு நடுவில் வந்து நின்றால் யாராவது ஒருவன் தன் ஆளை விட்டுவிட்டு வந்துதான் ஆக வேண்டும். வந்தால் ஜெரார்டுக்கு இடம். வராவிட்டால் ஆகரே இன்னும் பத்து அடி நடப்பார். இன்றைக்கு இதை எல்லா டீமும் செய்கிறது, 2006-ல் இங்கிலாந்தில் சென்டர் பேக் இப்படிச் செய்தால் ஸ்டேடியத்தில் பாதிப் பேர் "அடிடா வெளியே" என்று கத்துவார்கள்.

நீ பார்த்த வெஸ்ட் ஹாம் கோலும் இதே கதைதான். 2006 ஆகஸ்ட் 26, நம் மைதானம் ஆன்ஃபீல்டு. ஸமோரா கோலால் அவர்கள் 1-0 முன்னால். ஆகர் பந்தோடு வருகிறார், யாருமே கிட்டப் போகவில்லை. அங்கிருந்து இவன் என்ன செய்துவிடப் போகிறான் என்ற நினைப்பு. முப்பது கஜத்திலிருந்து இடது காலால் ஒரு அடி, பந்து வெளிப்பக்கம் வளைந்து போய் வலையில் இறங்கியது. அப்புறம் கிரவுச் இன்னொன்று போட்டு 2-1. லிவர்பூலுக்கு அவர் போட்ட முதல் கோலே அதுதான்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரியது 2007 மே 1. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம், செல்சீ. முதல் ஆட்டத்தில் ஜோ கோல் கோலால் 1-0 தோற்றுவிட்டு வந்திருக்கிறோம். 22ஆவது நிமிடம், இடது ஓரத்தில் ஃப்ரீ கிக். ஜெரார்டு நிற்கிறார், பெட்டிக்குள் எல்லாரும் தலைக்குப் பந்து வரும் என்று தள்ளுமுள்ளு. அவர் தூக்கவே இல்லை, தரையோடு பின்பக்கமாக உருட்டிவிட்டார். பெட்டியின் ஓரத்தில் ஆகர் தனியாக வருகிறார், நிறுத்தாமல் இடது காலால் தொட்டார், அவ்வளவுதான், செல்சீ கோல்கீப்பர் செக் விழுவதற்குள் பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே. அப்புறம் பெனால்டியில் நம் கோல்கீப்பர் ரெய்னா ராபனையும் ஜெரெமியையும் தடுத்து 4-1. இறுதி ஆட்டம் ஏதென்ஸில் மிலானின் இன்சாகியிடம் போச்சு, அதைப் பேச வேண்டாம்.

22 வயதில் அரையிறுதியில் கோல், இறுதியில் முழு ஆட்டம். அந்த சீசன் முழுக்கப் பார்த்தவனுக்குப் பாசம் வராமல் என்ன செய்யும்?

கணக்குப்பிள்ளை பதில்:

மேலே எழுதியது எல்லாம் சரி. ஆனால் அது ஒரே ஒரு சீசன். அடுத்ததையும் சொல்ல வேண்டாமா?

2007 செப்டம்பரில் பாத எலும்பு முறிந்தது, அந்த சீசன் போயே போச்சு. அந்த இடத்தை நிரப்பத்தான் 2008 ஜனவரியில் ஸ்கர்ட்டெலை வாங்கினார்கள். அப்புறம் முதுகு, ஆபரேஷன். அப்புறம் முழங்கால். பயிற்சியாளராக ஹாட்ஜ்சன் வந்தபோது நீளமாக உதைத்து ஆடும் பாணி தனக்கு ஒத்துவராது என்று டேனிஷ் பத்திரிகைகளிடம் சொல்லி அது ஒரு சலசலப்பு. 2012 லீக் கப் இறுதியில்கூட விலா எலும்பில் அடிபட்டுக் கடைசி நேரத்தில் வெளியே வந்தார். லீகில் ஒரு சீசன் முழுக்கக் கிட்டத்தட்ட விடாமல் ஆடினார் என்றால் 2012-13, பயிற்சியாளர் ராட்ஜர்ஸின் முதல் வருஷம், 35 ஆட்டம். எட்டரை வருஷத்தில் அப்படி ஒன்றுதான்.

அதோடு ஒன்றை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். தலையால் மோதி ஆடும் கனமான ஃபார்வர்டு வந்தால் ஆகர் திணறுவார். பக்கத்தில் காரகரோ ஸ்கர்ட்டெலோ அந்த வேலையைப் பார்த்ததால் இவர் நடந்து வந்து அழகாகப் பாஸ் போட்டார். 2013-14-ல் துணை கேப்டன், நாம் லீக் ஜெயிக்க இரண்டே புள்ளி குறைந்த வருஷம், 101 கோல் போட்டு 50 வாங்கினோம். அந்த 50-ஐக் குறைக்க வேண்டிய ஆள் பாதி ஆட்டம் களத்திலேயே இல்லை. ஜெரார்டு வழுக்கி விழுந்து செல்சீயிடம் தோற்ற அந்த மதியம்கூட சகோவும் ஸ்கர்ட்டெலும்தான் நடுவில்.

திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடாத ஆட்டத்துக்கும் மதிப்பெண் போடுகிறீர்கள்.

சுளுக்கு_வைத்தியர் பதில்:

பிசியோதெரபி என் தொழில், அதனால் உடம்புப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். "கண்ணாடி உடம்பு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

ஆகருக்குப் பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் தன்மை உண்டு, இதை அவரே சொல்லியிருக்கிறார். கேட்க நல்ல விஷயம் போலத் தோன்றும். உண்மையில் மூட்டைக் கட்டிப்பிடிக்கும் தசைநார் தளர்வாக இருப்பதால் அதன் வேலையையும் சேர்த்துத் தசைகள்தான் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை திடீரென்று நின்று திரும்பி ஓட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள், அந்தப் பாரம் எல்லாம் முதுகிலும் இடுப்பிலும் போய் இறங்கும். அவருக்கு முதுகு தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது தற்செயல் இல்லை.

இப்போது மாத்திரைக்கு வருவோம். 2016-ல் ஓய்வு பெற்ற கையோடு யூலண்ட்ஸ் போஸ்டன் என்ற டேனிஷ் நாளிதழுக்கு ஒரு பேட்டி கொடுத்தார். பல வருஷமாக வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிக்கொண்டே ஆடினேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2015 மார்ச், பிரோண்ட்பிக்கும் எஃப்சி கோபன்ஹேகனுக்கும் ஆட்டம். அந்த வாரம் முழுக்க மாத்திரை, ஆட்டத்துக்கு முன்னால் மறுபடியும், அதன் மேல் எனர்ஜி டிரிங்க் வேறு. களத்தில் தள்ளாடி, 29ஆவது நிமிடத்தில் வெளியே கொண்டு வந்தார்கள், அப்புறம் நினைவு தப்பியது. டென்மார்க்கின் மிகப் பெரிய டெர்பி அது, எப்படியாவது ஆட வேண்டும் என்ற வெறி. அதற்குப் பிறகு மாத்திரையை நிறுத்தினார். நிறுத்தியதும் அந்த உடம்பால் எவ்வளவு ஆட முடியும் என்பது தெரிந்துவிட்டது, அடுத்த வருஷம் ஜூனில் ஓய்வு.

இந்த மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. விளையாட்டு வீரர் மட்டுமில்லை, நாமும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்கிற வகைதான். நான்கு நாள் போட்டால் பெரிய சேதம் இல்லை. வருஷக்கணக்கில் போனால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, இதயத்துக்கும் ஆபத்து. அதைவிட மோசம், வலி என்ற எச்சரிக்கை மணியையே பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடுகிறோம். ஒரு இடத்து வலி தெரியாமல் நடை மாறும், பாரம் இன்னொரு மூட்டுக்குப் போகும், அங்கே புதிய காயம். கணக்குப்பிள்ளை பாதம், முதுகு, முழங்கால் என்று அடுக்கினாரே, அதில் எது எதால் வந்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி வரிசையாக வருவது எங்களுக்குப் பழக்கமான காட்சிதான்.

இது ஆகர் ஒருவர் கதையும் இல்லை. 2010 உலகக் கோப்பையில் ஆடியவர்களில் 39 சதவீதம் பேர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் வலி மாத்திரை போட்டார்கள் என்று ஃபிஃபாவின் மருத்துவக் குழுவே கணக்கெடுத்தது. அப்போது அதன் தலைமை மருத்துவராக இருந்த யிரி த்வோராக் இதை மாத்திரைத் துஷ்பிரயோகம் என்றே சொன்னார். பேட்டியில் ஆகர் சொன்னது, இதை வெளியே சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை, மற்ற வீரர்களுக்கு உதவலாம் என்பதுதான்.

ஆகவே 232 குறைவு என்று சொல்பவர்களுக்கு: அந்த உடம்புக்கு 232 ரொம்ப அதிகம்.

ஹெர்னிங்_பெடியன் பதில்:

நான் டென்மார்க்கில் வளர்ந்த ஈழத்தமிழன், மிட்யூலண்ட் கழகத்தின் ஆதரவாளன். பிரோண்ட்பியைப் புகழ வேண்டிய கட்டாயம் எனக்குத் துளியும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஆகரைப் பற்றிக் கதைத்தால் லிவர்பூல் இரண்டாவதாகத்தான் வரும். ஆள் வித்ஓவ்ர பக்கம், பிரோண்ட்பி மைதானத்துக்கு அடுத்த ஊர் மாதிரி. 12 வயதில் அந்தக் கழகத்தில் சேர்ந்தவர். 2004-ல் பெரிய அணிக்கு வந்தார், அப்போது பயிற்சியாளர் மைக்கேல் லவுட்ரூப். அடுத்த வருஷமே லீக், கோப்பை இரண்டும் அவர்களுக்கு. அதற்குப் பிறகு அடுத்த லீக் பட்டத்துக்கு 2021 வரை காத்திருந்தார்கள் (எனக்கு மகிழ்ச்சிதான்).

2013-ல் பிரோண்ட்பி பணம் இல்லாமல் திவாலாகிற நிலைக்கு வந்து புதிய முதலீட்டாளர்கள் போட்ட காசில் தப்பியது. அடுத்த வருஷம் ஆகர் திரும்பி வருகிறார். வயது 29, கேட்டிருந்தால் இதைவிடப் பெரிய சம்பளத்துக்கு எங்கேயும் போயிருக்கலாம். வந்த முதல் நாட்களில் அந்த மஞ்சள் நீல ஆக்களுக்கு இருந்த சந்தோசத்தைப் பார்த்து எனக்கே பொறாமை. ஆனால் வந்து ஒன்றும் வெல்லவில்லை. அந்த சீசன் எங்கள் மிட்யூலண்ட் முதல் தடவையாகச் சாம்பியன் ஆனது, இதை இங்கே எழுதாமல் விட முடியுமா?

அவர் கடைசி வருஷம் பிரோண்ட்பியில் நடந்த கூத்து தனி. இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த தோமஸ் பிராங்க்தான் அப்போது பயிற்சியாளர். கழகத்தின் தலைவர் ஆதரவாளர்களின் இணைய மன்றத்தில் "ஒஸ்கார்" என்ற புனைபெயரில் வந்து தன் பயிற்சியாளரையே திட்டி எழுதிக்கொண்டிருந்தது 2016 மார்ச்சில் வெளியே வந்தது. பிராங்க் அன்றே ராஜினாமா. அப்படிப்பட்ட வீட்டில் அரை உடம்போடு இருந்து பாருங்கள், விளங்கும்.

இப்போது என்ன செய்கிறார் என்று யாராவது கேட்பீர்கள். பச்சை குத்தும் தொழிலை முறையாகப் படித்தவர், அது சம்பந்தமான டாட்டூடூ என்ற இணைய நிறுவனத்தில் பங்கு. அதைவிட இங்கே எல்லாருக்கும் பிடித்தது, குடும்பத்தாரோடு சேர்ந்து கழிவுநீர்க் குழாய் வேலை செய்யும் ஒரு நிறுவனம் தொடங்கினார். பெயர் குளோ-ஆகர். உலகக் கோப்பை ஆடியவர் சாக்கடைக் குழாய் நிறுவனம் வைத்தால் மற்ற இடங்களில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது, இங்கே அது இன்னும் மரியாதையைக் கூட்டியது. 2021 முதல் 2023 வரை இரண்டாம் நிலை லீகில் ஹெச்பி கோவ என்ற கழகத்துக்குப் பயிற்சியாளர்.

டென்மார்க்குக்கு 75 ஆட்டம், 12 கோல். 2012 யூரோவில் நெதர்லாந்தை 1-0 என்று அடித்தபோது அவர்தான் கேப்டன், பக்கத்தில் சீமோன் கியார். இரண்டு வருஷம் முந்தி அதே நெதர்லாந்தோடு உலகக் கோப்பையில் சக வீரர் சீமோன் பவுல்சன் தலையால் அடித்தது ஆகரின் முதுகில் பட்டுச் சொந்தக் கோலானது, பாவம். கியார் 132 ஆட்டம் ஆடி ஓய்வு பெற்றார், எரிக்சன் களத்தில் நினைவிழந்து விழுந்த நாளில் அவர் நடந்துகொண்ட விதம் உலகத்துக்கே தெரியும். ஆனால் பந்தோடு யார் நல்லவர் என்று கேட்டால், கியார் எங்கள் மிட்யூலண்ட் பெடியனாக இருந்தும் சொல்கிறேன், ஆகர்தான்.

கணக்குப்பிள்ளை பதில்:

மாத்திரை விஷயத்தில் எனக்கு வாதமே இல்லை. அது கிளப்புகளின் தவறும்தான். வலியோடு ஆடுகிறேன் என்று ஒருவன் வந்தால் கைதட்டுவது யார், நாம்தானே.

இன்னொரு டேனிஷ் டிஃபென்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் லவர்சன். மிலானில் 2003 சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த அணியில் இருந்தவர், ஆஸ்டன் வில்லாவில் கேப்டன். முழங்கால் போய் 2009-ல் விட்டார். அவருக்கும் அப்போது 31 வயது. வில்லா ரசிகர்களிடம் கேட்டால் அவர்களும் இதே பெருமூச்சுதான் விடுவார்கள்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. லிவர்பூலின் எல்லாக் காலத்துச் சென்டர் பேக்குகளை வரிசைப்படுத்தினால் ஹான்சன், வான் டைக், ஹூப்பியா, காரகர்... இவர்களுக்கு மேலே ஆகரை வைப்பீர்களா?

சிவப்புச்சட்டை பதில்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தக் கழிவுநீர் கம்பெனி விஷயம் சூப்பர்.

ஒன்று மட்டும். 2012-ல் மான்செஸ்டர் சிட்டி கேட்டும் போகவில்லை என்று படித்தேன். அப்போது சிட்டி சாம்பியன், நாம் எட்டாவது இடம். நிஜமாகவே அவரே மறுத்தாரா, இல்லை கிளப் விடவில்லையா? அப்புறம் தொகுப்பு இல்லாமல் முழு ஆட்டம் ஒன்று பார்க்க வேண்டும் என்றால் எது?

கோப்_மேல்படி பதில்:

அந்தக் கோடையில் சிட்டி, பார்சிலோனா என்று தினமும் ஒரு செய்தி. சிட்டி கேட்டது, நாம் கொடுக்கவில்லை. ஆகரும் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை, செப்டம்பரில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதே சமயத்தில் வலது கை விரல்களில் நம் கீதமான 'You'll Never Walk Alone'-இன் நான்கு முதல் எழுத்துகளை (YNWA) விரலுக்கு ஒன்றாகப் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றார். பேட்ஜை முத்தமிட்டுவிட்டு அடுத்த மாதமே ஓடிப்போகும் ஆட்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அது எப்படி இருந்திருக்கும்! 2014-ல் போனபோதும் வேறு எந்தக் கிளப்புக்கும் இல்லை, பிரோண்ட்பிக்கு மட்டும், அதுவும் 30 லட்சம் பவுண்டுக்கு. அதே கோடையில் புதிய டிஃபென்டர் லவ்ரனுக்கு நாம் கொடுத்தது அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல், அதைப் பற்றிப் பேசினால் என் ரத்த அழுத்தம் ஏறும்.

கணக்குப்பிள்ளைக்கு: ஹான்சனுக்கும் வான் டைக்குக்கும் மேலே வைக்க மாட்டேன், யாரும் வைக்க மாட்டார்கள். காரகருக்கு மேலேயும் கஷ்டம், 700-க்கும் மேல் ஆட்டம் ஆடியவர். ஆனால் காலில் பந்தோடு ஒரே ஒரு ஆட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் ஹான்சனுக்கு அடுத்து ஆகர். வாதத்துக்கு ரெடி.

ஆட்டம் என்றால் தம்பி, நான் மேலே சொன்ன 2007 செல்சீ ஆட்டத்தையே முழுசாகப் பார். 120 நிமிடம். கோலை விடு, அது 22ஆவது நிமிடத்தில் முடிந்துவிடும். ரெய்னா கையில் பந்து இருக்கும்போதெல்லாம் ஆகர் எங்கே போய் நிற்கிறார் என்று பார். அப்புறம் செல்சீ ஃபார்வர்டு ட்ரோக்பா முதுகைக் காட்டி நிற்கும்போது காரகரும் இவரும் யார் முன்னால் போவது, யார் பின்னால் நிற்பது என்று எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று பார். தலையால் மோதும் ஃபார்வர்டு வந்தால் திணறுவார் என்கிறாரே கணக்குப்பிள்ளை, அன்றைக்கு எதிரே நின்றது ட்ரோக்பா, 120 நிமிடத்திலும் செல்சீக்குக் கோல் இல்லை.